டிஸ்க் இமேஜ் திறக்கக் காசு கொடுக்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய வி.எம்.டி.கே. கோப்பைத் (விஎம்வேர் நிறுவனத்தின் டிஸ்க் இமேஜ்: விர்ச்சுவல் மெஷினின், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரின், டிஸ்க்கைக் கோப்பாக வைத்திருப்பது) திறக்க இணையத்தில் ஒரு மென்பொருள் கிடைத்தது. இலவசப் பதிப்பில் உள்ளே இருந்த எல்லாப் பெயர்களும் தெரிந்தன. நம்பி ஓராண்டு உரிமம் வாங்கினேன். வெளியே எடுத்த படங்களில் பாதி திறக்கவில்லை. பணம் திரும்பத் தர முடியாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. பெயர்ப் பட்டியலைக் காட்டி ஆசை மூட்டிவிட்டுப் பணம் கேட்பது இந்த வியாபாரத்தில் வழக்கமாகிவிட்டது. பெயர்கள் ஓரிடத்தில் இருக்கும், தரவு வேறிடத்தில் இருக்கும், அதனால் பெயர் தெரிகிறது என்பதற்காகக் கோப்பு முழுசாக இருக்கிறது என்று ஆகிவிடாது. திறக்காத படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று சொல்லி முறையிடுங்கள். அப்புறம் அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். அது இலவசம், வி.எம்.டி.கே.க்கு உள்ளேயும் படிக்கும்.

கேள்வி: விண்டோஸில் ஐ.எஸ்.ஓ. கோப்பு (சிடி, டிவிடியின் இமேஜ்) திறக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். விண்டோஸ் 8-லிருந்து இரட்டைச் சொடுக்கு போதும்.

கேள்வி: 40 ஜி.பி. டிஸ்க் உள்ள விர்ச்சுவல் மெஷினின் வி.எம்.டி.கே. கோப்பை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டேன். இப்போது பார்த்தால் கோப்பு 1 கே.பி.தான் இருக்கிறது. எந்த ரெக்கவரி மென்பொருள் நல்லது?

பதில்: 40 ஜி.பி. டிஸ்க் 1 கே.பி.யில் அடங்குமா என்று ஃபார்மட் செய்யும் முன்பே பார்த்திருக்க வேண்டாமா? நீங்கள் எடுத்தது வெறும் விவரக் குறிப்பு, நோட்பேடில் திறந்தால் மற்ற துண்டுகளின் பெயர்களைப் படிக்கலாம். தரவெல்லாம் பக்கத்தில் இருந்த எஸ்001, எஸ்002 என்று முடியும் கோப்புகளில் இருந்தது. லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் போனது போனதுதான், ரெக்கவரிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் உடனே அணைத்துவிட்டு, அதில் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: வி.டி.ஐ. (விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் டிஸ்க் இமேஜ்), வி.எம்.டி.கே. எல்லாவற்றையும் விண்டோஸே ஏன் திறப்பதில்லை? ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் வாங்கச் சொல்கிறார்களே?

பதில்: இதை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2003-இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் விர்ச்சுவல் பி.சி. என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளை வாங்கியபோது அதோடு வந்தது வி.எச்.டி. என்ற இமேஜ் வடிவம், 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதை வேறு மென்பொருள் இல்லாமலே மவுன்ட் செய்தது (தனி டிஸ்க் போல ஏற்றிக் காட்டியது), 2012-இல் 64 டி.பி. வரை போகிற வி.எச்.டி.எக்ஸ். வந்தது, எல்லாம் சொந்தச் சரக்கு. அடுத்தவர் வடிவம் என்றால் கதவு சாத்தியாகிவிடுகிறது, மேக்கும் அப்படித்தான், தன்னுடைய டி.எம்.ஜி. இமேஜைத் திறக்கும், வி.எம்.டி.கே.யைத் திறக்காது. தொழில்நுட்பம் ரகசியம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை: வி.எம்.டி.கே.யின் அமைப்பை விஎம்வேரே வெளியிட்டிருக்கிறது, வி.டி.ஐ.யைப் படிக்கும் நிரல் விர்ச்சுவல்பாக்ஸின் திறந்த மூலத்திலேயே கிடக்கிறது. லினக்ஸில் கியூஎமு-என்பிடி என்ற கருவி வழியாக இவை அத்தனையும் சாதாரண டிஸ்க் மாதிரி ஏறுகின்றன. படிக்க மட்டுமாவது மற்ற இயங்குதளங்களும் திறந்து கொடுத்தால், இந்த இடைவெளியில் கடை போட்டு மிரட்டிக் காசு பறிப்பவர்களுக்கு வேலையே இருக்காது.

நான் வாங்கிய ஒரு பேக்கப் மென்பொருள் தனக்கென்றே ஒரு இமேஜ் வடிவம் வைத்திருந்தது, விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கம்ப்யூட்டர் மாற்றியபோது உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரையே மூடிவிட்டிருந்தார்கள். கோப்புகள் என் டிஸ்கில், சாவி அவர்களிடம். அதனால் இப்போது பேக்கப் மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று பார்க்கிறேன்: வி.எச்.டி.எக்ஸ். போன்ற பொது வடிவத்தில் சேமிக்குமா? சேமிக்காது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்குவதில்லை.

வடிவம் மாற்றுவதற்கும் செலவு இல்லை. கியூஎமு-ஐஎம்ஜி கட்டளை இலவசம், வி.எம்.டி.கே., வி.டி.ஐ., வி.எச்.டி., வி.எச்.டி.எக்ஸ். இவற்றில் எதையும் எதுவாகவும் மாற்றிவிடும்.

கேள்வி: நீண்ட காலம் பத்திரப்படுத்த எந்த வடிவம்?

பதில்: ரா, அதாவது டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்த கோப்பு. டிஸ்க்கின் முழு அளவுக்கு இடம் பிடிக்கும், ஆனால் படிக்க யாருடைய தயவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைத்தது) இருக்கும் விர்ச்சுவல் மெஷினின் அடிப்படை வி.எச்.டி.எக்ஸ். கோப்பை விண்டோஸில் திறந்து சில கோப்புகளை அழித்தேன். இப்போது மெஷின் ஏறவில்லை. வேறு மென்பொருள் வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எல்லாம் அந்த அடிப்படைக் கோப்பு மாறவே மாறாது என்று நம்பி எழுதப்பட்டவை. பழைய பேக்கப் இருந்தால் அதை எடுங்கள். அடுத்த முறை டிஸ்க் மேனேஜ்மென்டில் 'படிக்க மட்டும்' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டுத் திறங்கள்.