கில்டேர் பேராலயம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அயர்லாந்தின் கில்டேர் சின்ன ஊர். அங்கே எப்படிப் பேராலயம்? அதுவும் கத்தோலிக்கர் மிகுந்த நாட்டில், ஆங்கிலிக்கன் சபை வசம்?

பதில்: ஊர் பெரிதா சிறிதா என்பது கணக்கே இல்லை. ஆயரின் (பிஷப்பின்) ஆசனம் இருக்கும் ஆலயம்தான் பேராலயம். புனித பிரிஜித் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே மடம் அமைத்தார் என்பது மரபு. 'ஓக் மரத்துக் கோயில்' என்பதே ஊர்ப்பெயரின் பொருள். இன்றைய ஆலயம் 1223இல் ஆயரான பிரிஸ்டல் ரால்ஃபின் காலத்தது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி ரோமின் போப்போடு உறவை முறித்துக்கொண்டபின் பழைய ஆலயங்கள் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையிடம் போயின. 1871இல் அது அரசுத் தகுதியை இழந்தது. ஆலயங்கள் மட்டும் அதனிடமே தங்கிவிட்டன. வட்டாரக் கத்தோலிக்கப் பேராலயம் கார்லோ ஊரில் இருக்கிறது.

கேள்வி: வளாகத்திலுள்ள வட்டக் கோபுரத்தின் வாசல் தரையிலிருந்து சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, வடக்கிலிருந்து கடல்வழி வந்த கொள்ளையரான வைக்கிங்குகளுக்குப் பயந்தா?

பதில்: பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரம். இவ்வகைக் கோபுரங்களின் அஸ்திவாரமோ பெரும்பாலும் 1 மீட்டர் ஆழம்கூட இருக்காது. மொத்தப் பாரமும் இறங்கும் அடிச்சுவரில் வாசல் திறந்தால் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். அதனால் அடிப்பகுதியை முழு வளையமாக விட்டு, மேலே வாசல் வைத்தார்கள். ஏணி போட்டு ஏறினார்கள். உண்மையில் இது மணிக்கோபுரம்; ஐரிஷ் மொழியில் இதற்குப் பெயரே 'மணி வீடு'.

ஒளிந்துகொள்ள இது மோசமான இடம். உள்ளே தளங்கள் எல்லாம் மரம். கீழே தீ வைத்தால் கோபுரம் புகைபோக்கியாகிவிடும். 950இல் ஸ்லேன் ஊர்க் கோபுரத்தை டப்ளின் வைக்கிங்குகள் கொளுத்தியபோது உள்ளே இருந்தவர்களும் திருப்பொருள்களும் எரிந்துபோனதாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன.

கேள்வி: ஆலயச் சுவர் முழுவதும் 13ஆம் நூற்றாண்டுக் கல்லா?

பதில்: இல்லை. 1641இல் ஐரிஷ் கத்தோலிக்கர் தொடங்கிய கலகத்தைத் தொடர்ந்த போரில் ஆலயம் பாழானது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் வரைந்த திட்டப்படி 1875இல் புதுப்பிப்பு தொடங்கியது. 1881இல் அவர் இறந்தார். வேலை 1896இல்தான் முடிந்தது. வடக்குக் கிளை (சிலுவை வடிவ ஆலயத்தின் வடக்குக் கை), மேற்குச் சுவர், நடுக்கோபுரத்தின் பெரும்பகுதி எல்லாம் அப்போது எழுந்தவை. பழைய அமைப்பு புரிய வேண்டுமானால் வெளியே நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். சுவரைத் தாங்கும் முட்டுச்சுவர்களுக்கிடையே, சுவரைவிட்டுச் சற்று முன்தள்ளி வளைவுகள் போகும். அவற்றின் மேல் கைப்பிடிச்சுவரோடு நடைபாதை. கோட்டைக்குரிய இந்த ஏற்பாட்டை ஓர் ஆலயத்தில் பார்ப்பது மிக அரிது. அவசரமாக உள்ளே நுழைந்துவிடாதீர்கள்.

கேள்வி: கோபுரத்தில் ஏறலாமா?

பதில்: ஏறலாம். ஆனால் பொதுவாகக் கோடையில் மட்டுமே. மழை, காற்று என்றால் மூடிவிடுவார்கள், புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே படிக்கட்டு கிடையாது, தளத்துக்குத் தளம் செங்குத்தான ஏணிதான். வழுக்காத காலணி போடுங்கள், இரு கைகளும் காலியாக இருக்கட்டும். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடியே இறங்குங்கள். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கில்டேருக்கு நேரடி ரயில் உண்டு.