பட்டறைக்கும் வீட்டுக்கும் நீடித்து உழைக்கும், குப்பை அள்ளும் உலோக முறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லேத் பட்டறையில் பிளாஸ்டிக் முறத்தின் விளிம்பு அடிக்கடி உடைகிறது, எந்த உலோக முறத்தை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தகட்டின் கனத்தைப் பாருங்கள். தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதால், 26 கேஜைவிட 22 கேஜ் தகடே உறுதியானது. உலர்ந்த பட்டறைக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு போதும். ஆனால் தரையில் உரசும் முன்விளிம்பில் பூச்சு தேய்ந்து துரு ஏறத் தொடங்கும் என்பதால், ஈரம் படும் சமையலறைக்கு எவர்சில்வரே நல்லது. கடையில் முறத்தைச் சமதரையில் வைத்து, முன்விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்ப்பது என் வழக்கம்; தாள் எளிதில் நுழைந்தால் மெல்லிய தூசியும் அவ்வழியே நழுவிவிடும். கைப்பிடியை ஒரே புள்ளியில் பற்றவைத்திருந்தால், இரும்புச் சீவலை அள்ளித் தூக்கும்போது அந்த இடம்தான் முதலில் விட்டுப்போகும்; ஆகவே இரண்டு ரிவெட்டாவது அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். பக்கவிளிம்புகள் மடிக்கப்பட்டிருந்தால் கையை வெட்டாது.