உல்ஃபின் விரலில் இருந்த மை

கேள்வி: ‘தி ஹவர்ஸ்’ படத்தை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் பார்த்தேன். அதில் வரும் நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃப் வாழ்நாள் முழுக்க இப்படி உடைந்துபோய்த்தான் இருந்தாரா? அவரை எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இல்லவே இல்லை. படத்தை நம்பி அவரை வெறும் நோயாளியாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோய் உண்மை, இளம் வயதிலிருந்தே பலமுறை மனம் கலங்கிப் படுத்தவர், 1941 மார்ச் 28 அன்று 59 வயதில் ஆற்றில் இறங்கி உயிரை விட்டவர், அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் படம் அந்த ஆற்றில் தொடங்கி அதே ஆற்றில்தான் முடிகிறது. நடுவில் ஒட்டவைத்த மூக்கோடு நிகோல் கிட்மனின் வெறித்த பார்வை, வீட்டு வேலைக்காரியிடம்கூட பயம். கிட்மன் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆஸ்கரும் வாங்கினார். ‘மிஸஸ் டாலோவே’ நாவலின் முதல் வரி வர்ஜீனியாவுக்குப் பிடிபடும் இடம் எனக்கும் பிடிக்கும். என் சண்டை நடிப்போடு அல்ல.

படத்து வர்ஜீனியா 1923-ல் ரிச்மண்டில் இருக்கிறார். அதே வருடம், அதே ஊரில், நிஜ வர்ஜீனியா என்ன செய்தார் தெரியுமா? கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ நெடுங்கவிதை முழுவதையும் தன் கையால் அச்சுக் கோர்த்தார்! அவரும் கணவர் லெனர்டும் 1917-ல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வாங்கி வீட்டிலேயே வைத்து ஹோகார்த் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். லெனர்டுக்குக் கை நடுக்கம் உண்டு, அதனால் எழுத்துக் கோர்ப்பது வர்ஜீனியாவின் பொறுப்பு, இயந்திரம் லெனர்டுடையது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக் என்கிற சின்னத் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்குவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் முடிவதற்குள் முதுகு விட்டுப்போகும், அச்சானதும் அத்தனையையும் பிரித்து அதனதன் குழியில் திரும்பப் போட வேண்டும். அதுவும் எலியட் கவிதை, ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை, நடுவில் வேற்று மொழிகள். முடித்த கையோடு தோழிக்கு எழுதிய கடிதத்தில், என் கை எப்படி நடுங்குகிறது பார் என்கிறார் வர்ஜீனியா. வேலை செய்து வந்த நடுக்கம் அது. படத்தின் மனச்சோர்வுக்குள் இந்தப் பெண் எங்கே?

நாமும் பாரதி என்றால் யானையையும் பட்டினியையும்தான் சொல்கிறோம், ‘இந்தியா’ பத்திரிகைக்கு அவர் எத்தனை உழைத்தார் என்று யார் கேட்கிறோம்?

வர்ஜீனியா உயிரோடு இருந்தபோதே எட்டு நாவல்கள் வெளிவந்தன. 1922-லிருந்து எல்லாமே சொந்தப் பதிப்பகத்தில், எந்தப் பதிப்பாளரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் லண்டனில் உழைப்பாளிகளுக்கான மாலை நேரக் கல்லூரியில் பாடமும் எடுத்தார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நாவலை அப்புறம் பார்க்கலாம். முதலில் 1929-ல் வந்த ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’. கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளில் பேசியதிலிருந்து விரிந்த புத்தகம், ஒரு பெண் புனைகதை எழுத வேண்டுமென்றால் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கேட்கும். எல்லோரும் தூங்கக் காத்திருந்து படம் பார்த்த உங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.