பழைய வேலை வேனை வீட்டிலேயே சரிசெய்து மேம்படுத்த நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவு: பதினைந்து வயது தாண்டிய டீசல் வேன், இன்ஜின் நன்றாக ஓடுகிறது, மழை பெய்தால் பின்பக்கம் எங்கோ ஒழுகுகிறது, சில நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. உள்ளே பிளைவுட் அடித்து, அலமாரி கட்டி, லைட்டும் இன்வெர்ட்டரும் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

அந்த இன்வெர்ட்டரைப் பெட்டியோடு அப்படியே பரண்மேல் போடுங்கள். கடைசியில் தேவைப்படுவதை முதலில் வாங்கியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்தேன். நான் தச்சு வேலை பார்க்கிறவன், மெக்கானிக் இல்லை. உங்களுடையதைப் போன்ற ஒரு வேனை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அது எனக்கு வேலை செய்கிறது, ஏழாம் நாள் நான் அதற்கு. வாங்கிய முதல் மாதமே கை அரிப்பு தாங்காமல் தரை முழுக்க 18 மி.மீ. பிளைவுட் அடித்தேன். மூட்டு தெரியாத வேலை. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஒரு வருடம் கழித்து வலது பின்மூலையில் கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. பலகையைத் தூக்கினால் அடியில் ஊறிப்போன கறுப்புக் கூழ், அதற்கும் அடியில் தகடு இருந்த இடத்தில் விரல் நுழையும் ஓட்டை, ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. ஈரத்தின் மேல் மூடி போட்டு, நானே அதைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன்.

பழைய வேனில் வரும் தொல்லைகளை நோண்டிக்கொண்டே போனால் பாதிக்கு மேல் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறது. கரண்ட் திரும்பிப் போக வழி சரியில்லை. உங்கள் ஒழுகலும் உங்கள் செல்ஃபும் அந்த இரண்டுதான் என்பது என் ஊகம்.

முதலில் ஒழுகல். நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்காது. கூரைத் தகட்டின் இணைப்பில் நுழைந்த நீர், உள்பக்க வளைவுச் சட்டத்தின் மேலேயே ஓடி இரண்டடி தள்ளி விழும். சொட்டுகிற இடத்தில் பசையைப் பூசிவிட்டு வந்தால் அடுத்த மழையில் வேறு இடத்தில் சொட்டும். வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் ஹோஸில் மெதுவாக, கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடட்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போகும். உள்பக்க இணைப்புகளில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி வைத்தால் நீர் வந்த தடம் கோடாகத் தெரியும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம். ஒழுகாத இடத்தையும் அது ஒழுக வைத்துவிடும்.

சந்தேகப்பட வேண்டியவை: கூரை கேரியரின் போல்ட் துளைகள், பின்கதவுக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், டெயில் லேம்ப் கேஸ்கட், முன்கண்ணாடி ரப்பர். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைத் திறந்து பாருங்கள். இலைகள் மக்கிச் சேறாகி வடிகாலை அடைத்திருக்கும். என் வேனில் குற்றவாளி அந்த மூன்றாவது பிரேக் லைட். கேஸ்கட் இருந்த இடத்தில் தொட்டால் உதிரும் பஞ்சு. அதைச் சரிசெய்ய எனக்கு ஆன நேரம் அரை மணி. அதைக் கவனிக்காமல் விட்டதற்காகத் தரையை அறுத்து வெல்டிங் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

ஓட்டை தெரிந்தவுடன் கைக்கு அகப்பட்ட சிலிகானை எடுக்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வெறும் இரும்பில் பட்டால் துருவைக் கிளப்பும். சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது. தகட்டு இணைப்புகளுக்கு பாலியூரித்தேன் சீலண்ட், நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும் லைட்டுக்கும் கேரியருக்கும் பியூட்டைல் டேப். கதவுகளின் அடிவிளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும், கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஜன்னல் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் நீர் இறங்குவது சாதாரணம். அது வெளியேறத்தான் அந்தத் துளை.

அடுத்து ரப்பர் மேட்டை உருவி வெளியே போட்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு மொத்தென்று முனகும். மேலாகப் படிந்த துருவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: கம்பி பிரஷ், உப்புத்தாள், துருவை மாற்றும் திரவம், எப்பாக்சி பிரைமர், பெயின்ட். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி அடித்து மூடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ளுக்குள்ளேயே ஓட்டை பெரிதாகும். புதுத் தகடு வைத்து வெல்டிங்தான் வழி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், சீட் பெல்ட் பிடிப்புகள், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம் இவற்றில் துரு என்றால் கை தேர்ந்த வெல்டரிடம் விடுங்கள். எனக்கு ஓரளவு வெல்டிங் தெரியும், அப்படியும் அந்த இடங்களை நான் தொடுவதில்லை. யார் செய்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தகட்டின் மறுபக்கத்தில் டீசல் பைப்பும் வயரும் போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யட்டும். வேலை முடிந்து பெயின்ட் காய்ந்தபின் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிக்க மறக்க வேண்டாம். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அடுத்த துரு அங்கிருந்துதான் வரும்.

இனி செல்ஃப். புது பேட்டரி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே வருடத்தில் இரண்டு வாங்கினேன், இரண்டும் நல்ல பேட்டரி, கோளாறு கடைசிவரை அப்படியே இருந்தது. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் பின்னல் பட்டையாகவோ தடித்த கேபிளாகவோ எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, கொடுத்திருப்பார்கள். அதன் நுனியில் துரு ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. டீசல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் சுலபமாக 200 ஆம்பியர் இழுக்கும். எர்த்தில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். 12 வோல்ட்டில் 2 போனால் குளிர்ந்த காலையில் மோட்டார் முக்கும், சுற்றாது.

சோதிப்பது எளிது. வேன் இரவு முழுக்க நின்றபின் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே போனால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே சோதனையைப் பாடியிலும் செய்யுங்கள். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் அவை உட்காரும் இடத்தையும் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசுங்கள். பட்டை பிய்ந்திருந்தால் புதிது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இண்டிகேட்டர் போட்டிருக்கையில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து மினுக்குகிறதா? அதுவும் எர்த்தான், லேம்ப் பக்கத்தில் இருக்கும் எர்த். ஹீட்டர் காற்று கடைசி வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் அது வேறு கதை. ப்ளோயரின் ரெசிஸ்டர் எரிந்திருக்கும், பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ வேலை.

இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்க வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு பில் இருக்கிறதா? இல்லையென்றால் பிளைவுட் வாங்குவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வயசுக் கணக்கும் உண்டு. அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், அத்தோடு இன்ஜின் கதை முடிந்தது. ஆயில், ஃபில்டர், கூலண்ட் பற்றி எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

பிரேக்கில் நான் வீட்டில் செய்வது பார்ப்பது மட்டும். பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிகிறதா, இரும்பு பிரேக் பைப்புகள் துருவில் செதில் விட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தாலே தரக்கணக்கில் தேறிவிடும். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும் வண்டிக்கு அந்த வித்தியாசம் பெரிது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். பழைய வேன்கள் பலவற்றில் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு நெம்புகோல் இருக்கும். எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. துருப்பிடித்து இறுகியிருந்தால் காலி வண்டியில் பின்சக்கரம் சறுக்கும், அல்லது பாரம் ஏற்றினால் பிரேக் போதாது. அதைக் கண் மதிப்பில் திருப்பி வைக்காதீர்கள்.

வேனுக்கு அடியில் போகிறவர்களுக்கு ஒன்று: ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு ஸ்டாண்டு இல்லாமல் தலையை உள்ளே விடாதீர்கள்.

இப்போதுதான் பிளைவுட். தச்சனாக இருந்துகொண்டே நான் செய்த தவறு, வீட்டு அலமாரிக்குப் போடும் தடிமனை வேனுக்கும் போட்டது. எட்டுக்கு நாலு அளவில் 18 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 32 முதல் 36 கிலோ. எட்டுப் பலகை போனால் ஒரு ஆணிகூட ஏற்றாமலே 250 கிலோவுக்கு மேல். இப்போது என் வேனில் தரைக்கு 12, சுவருக்கு 6, அலமாரிக்கு 9 மி.மீ., தாங்க வேண்டிய இடத்தில் மட்டும் சட்டம். வேலை தொடங்கும் முன் முழு டாங்க் டீசலோடு எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடுத்து எழுதி வையுங்கள். கதவுத் தூணிலோ பானெட்டுக்குக் கீழேயோ இருக்கும் தகட்டில் மொத்த எடைக்கும் ஒவ்வொரு அச்சுக்கும் உச்ச வரம்பு அடித்திருக்கும். மீதி எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் சொத்து. கூடுதல் ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் நிமிர்ந்து நிற்குமே தவிர அந்த வரம்பு உயராது. டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் பாரக் குறியீடு 104 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 900 கிலோ, 109 என்றால் 1030. கனமான கருவிகள் தரையோடு தரையாக, டிரைவருக்குப் பின்னால் உள்ள தடுப்பை ஒட்டி இருக்கட்டும். தடுப்பு இல்லையென்றால் அலமாரிக்கு முன்னால் அதைப் போடுங்கள். திடீர் பிரேக்கில் பறந்து வரும் கருவிப்பெட்டி யார் தலை என்று பார்க்காது.

தரையில் ஸ்க்ரூ இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே டீசல் டாங்க், பிரேக் பைப், வயர் கட்டு எல்லாம் இருக்கிறது. போட்ட துளையின் ஓரத்துக்கு பிரைமர் தடவுங்கள், இல்லையென்றால் நீங்களே புது ஒழுகலைத் திறந்து வைத்த மாதிரி.

இன்வெர்ட்டர் 1000 வாட் என்றால், முழு பாரத்தில் 12 வோல்ட் பக்கம் 90 முதல் 100 ஆம்பியர் இழுக்கும். வேனின் பேட்டரி அதற்கானது இல்லை. உண்மையில் உங்களுக்கு என்ன தேவை என்று கணக்குப் போடுங்கள். 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர் டிரில் பேட்டரி ஒன்றில் இருப்பது 90 வாட் ஹவர். நான்கை சார்ஜ் செய்ய, விரயத்தையும் சேர்த்தால் 450 வாட் ஹவர் பக்கம் வரும். தனியாக 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி வைத்து, அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 600 வாட் ஹவர் கிடைக்கும், அதுவே போதும். அதை ஓடும்போது சார்ஜ் செய்ய ஒரு ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே போதும், இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்ச் அது. லித்தியம் போடுவதானால் நடுவில் கரண்டை அளவோடு கொடுக்கும் டிசி டு டிசி சார்ஜர் கட்டாயம். அது இல்லாமல் நேராகக் கொடுத்தால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். பியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான். அதன் ஆம்பியர் அளவு வயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தகட்டுத் துளை வழியாகப் போகும் வயருக்கு ரப்பர் வளையம் போடாவிட்டால் அதிர்வில் தோல் உரிந்து, ஒரு நாள் புகை வரும்.

பிளைவுட் அடிக்கும் நாள் வரும்வரை கை சும்மா இருக்காது என்றால், பக்கவாட்டு ஸ்லைடிங் கதவின் அடி ரோலரை மாற்றுங்கள். கதவைத் தூக்கி அடித்துச் சாத்துவது பழகிப்போய், அது கனமான கதவு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னுடையதில் ரோலர் பாதி தேய்ந்து தட்டையாக இருந்தது. மாற்றிய அன்று பழக்க தோஷத்தில் ஓங்கி இழுத்தேன், கதவு போன வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.