கை நடுங்குகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மண்டபம் பக்கத்துக்காரன் நான், வயது 38. விசைப்படகுகளுக்கு பெயிண்ட் அடித்து, பேரும் நம்பரும் எழுதுவது தொழில். கடனில் வாடகை வீடு போய்விட்டது. மனைவியும் மகளும் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக ராமேஸ்வரத்தில் கடைத் திண்ணைகளில் படுக்கிறேன். நாலு மாதம் முன்பு டீக்கடை அண்ணன் ஒருவர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதமாக காலண்டர் அட்டைகளின் பின்பக்கம் கரித்துண்டால் படகுகள் வரைகிறேன். வரையும்போது மனசு லேசாக இருக்கிறது. அட்டையை மூடி வைத்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. மாத்திரை போட்டதிலிருந்து கை நடுங்குகிறது, கோடு நேராக வரவில்லை. மாத்திரையை விட்டுவிட்டு வரைவதையே வைத்தியமாக வைத்துக்கொள்ளலாமா? மாமா ஒருவர் ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடலாம் என்கிறார்.

பதில்: தம்பி, நம்பர் எழுதுகிற கைக்கு நடுக்கம் வருவது சின்ன விஷயமில்லை. ஓர் எழுத்து கோணினால் கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். மாத்திரை மேல் உங்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காரணம் அதுதான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் விரல்களில் மெல்லிய நடுக்கத்தைக் கொடுக்கும், உண்மை. வெறும் வயிற்றில் நாலைந்து டீ குடித்தாலும் அதே நடுக்கம் வரும். தைராய்டு சுரப்பு கூடினாலும் வரும். ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் வரும். குடிப்பீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்: சீட்டில் லித்தியம் என்று இருக்கிறதா? இருந்தால், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பது ஆபத்து. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். நடுக்கம் பெரிதாகி, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம் என்று சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வேறு மாத்திரை என்றால் அளவைக் குறைக்கலாம், மாற்றியும் தரலாம். அதை மருத்துவர் செய்யட்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அப்புறம் சில வாரங்களில் பழைய சோர்வும் திரும்பலாம். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதுதான் வழக்கம்.

சரி, வரைவது வைத்தியமா? உங்கள் கடிதத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மாத்திரை தொடங்கி நாலு மாதம்; வரையத் தொடங்கி இரண்டு மாதம். இந்த மாத்திரைகள் வேலை காட்ட சில வாரங்கள் ஆகும். அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்கு மேல் அதே திண்ணையும் அதே கரியும் பக்கத்தில்தான் இருந்தன, நீங்கள் எடுக்கவில்லை. எடுக்கும் தெம்பைக் கொடுத்ததில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக வரைவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய் மருத்துவமனையில் படுத்த படுக்கையாக வரைந்துகொண்டிருந்தவர். 1942-இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரைக் கொடுத்தவர் அவர்தான். வரைந்ததால் அவருடைய காசநோய் ஆறவில்லை. ஆறும்வரை கிடக்க முடிந்தது. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் வரையவும் மண்ணில் உருவம் பிடிக்கவும் விட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் இருந்த கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. (நான் மாடு வரைந்தால் நாய் மாதிரி இருக்கும், எனக்கு இது ஆறுதல்.) ஆனால் அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் இல்லை, திண்ணையில் படுப்பவர்களும் இல்லை.

மனசு வந்தால் செய்யலாம் என்று மனச்சோர்வில் காத்திருக்க முடியாது, அது வராது. செய்யத் தொடங்கினால் பின்னால் கொஞ்சம் வரும். ஆகவே ஒரு நேரம் குறித்துக்கொண்டு, பிடிக்காத நாளிலும் அரை மணி உட்காருங்கள். அட்டையை மூடியதும் எழுந்து பத்து நிமிடம் நடங்கள், அல்லது டீக்கடை அண்ணனிடம் போய்ப் பேசுங்கள். மூடியவுடன் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் உங்களைக் கவிழ்க்கிறது.

எழுதாத இன்னொன்றையும் கேட்கிறேன். கடலில் இறங்கிவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. டீக்கடை போனிலிருந்தே கூப்பிடலாம்.

தூக்கத்துக்கு எந்த ஓவியமும் ஈடு ஆகாது. அக்னி தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே நடமாட ஆரம்பிக்கும் ஊரில், திண்ணையில் படுப்பவருக்கு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அரிது. வீடற்றோர் தங்கும் விடுதி அருகில் எங்கே இருக்கிறது என்று நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 2017 மனநலச் சட்டப்படி, வீடில்லாதவருக்கு அரசு நடத்தும், நிதி தரும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

மாமாவிடம் சொல்லுங்கள்: ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-இல் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி போடுவதை அதே 2017 சட்டம் தடை செய்கிறது. தர்காவில் போய் வேண்டிக்கொள்வது உங்கள் விருப்பம், அங்கேயே மருந்தையும் துவாவையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. கொண்டுபோய் ‘விட்டுவிடுவது’ மட்டும் கூடாது.

வேலைக்குத் திரும்புவதை ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து யோசிக்கலாம். ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில் கிடக்கும், பெயிண்ட் வேலை அப்போதுதான் குவியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடம் முழுப் படகை ஒப்புக்கொள்ளாதீர்கள், நம்பர் மட்டும் எழுதுங்கள். கரிப் படங்களை யாத்திரை வருபவர்களிடம் விற்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். விற்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். விற்காத நாளில் அது இன்னொரு கடனாகத் தெரியும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் டீக்கு முன், டீக்குப் பின், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று மூன்று தடவை, அட்டையில் ஒரு நேர்கோடும் சங்கின் சுழி மாதிரி ஒரு சுருளும் போடுங்கள். கையை மேஜையில் ஊன்றக் கூடாது. பக்கத்தில் நேரத்தையும், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். நடுக்கத்தைப் பார்க்க மருத்துவர்களான நாங்களும் நோயாளியைச் சுருள் போடத்தான் சொல்வோம். அட்டைகளை பாலிதீன் பையில் சுற்றி டீக்கடையில் கொடுத்துவைத்து, சீட்டோடு எடுத்துப்போங்கள்.