ஓனிங் உடைஞ்சால் முதலில அளவுநாடாவை எடுங்கோ: கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முதல் கிழமை எல்லாரும் கராஜுக்குள்ள கிடக்கிற கரவன் ஓனிங்கை, அதாவது காரால இழுக்கிற வீட்டுவண்டியின்ர பக்கத்தில பூட்டுற துணிக் கூடாரத்தை, விரிச்சுப் பாக்கிறதும், எனக்குக் கேள்வி அனுப்பிறதும் வழமை. வந்ததில ஆறுக்குப் பதில் தாறன். பழைய ஓனிங் வாங்கித் திருத்தி 15 வருஷம் பாவிச்சது மட்டும்தான் என்ர தகுதி.

ஹரோவிலயிருந்து: அண்ணை, போன வருஷம் வேல்ஸில அடிச்ச காத்தில கூரைக் கம்பி ஒண்டு பிளந்துபோச்சு. கடையில முழு செட்டும் வாங்கச் சொல்லுகினம். ஒண்டு மட்டும் எடுக்கேலாதா?

எடுக்கலாம். முதலில பிளந்த இடத்தைக் கையால தடவாதேங்கோ. ஃபைபர்கிளாஸ் எண்டால் சிலாம்பு தோலுக்குள்ள ஏறி அரிக்கத் தொடங்கீடும். கையுறை போட்டுக்கொண்டு கம்பியின்ர வெளி விட்டத்தை மில்லிமீற்றரில அளவுங்கோ. 22, 25, 28 எண்டு வரும். விட்டம், நீளம், முனையில இருக்கிற கொக்கி, இந்த மூண்டும் பொருந்தினால் வேற கம்பனிக் கம்பியும் வேலை செய்யும். துணி உக்கிப்போன ஆக்கள் கம்பிகளை மட்டும் கட்டா ஈபேயில விக்கிறவை. பழைய கரவன் உடைக்கிற யார்டிலயும் கேட்டுப் பாருங்கோ. நீளம் கூடினால் வெட்டுற இடத்தில ரேப்பை இறுக்கிச் சுத்தி, வாய்க்கு மாஸ்க் போட்டு, ஹக்சோவால வெட்டுங்கோ.

ஒரு விஷயம்: "கம்பி உடைஞ்சுபோச்சு" எண்டு சொல்லிக்கொண்டு வாற கனபேரின்ர கம்பி நல்லாத்தான் இருக்கும். அதை இறுக்கிற பிளாஸ்டிக் கிளாம்ப்தான் வெடிச்சிருக்கும். அது சில பவுண்ஸ் சாமான்.

லெஸ்டரிலயிருந்து: முன்பக்கச் சிப் மூடினாலும் பின்னால திறந்து திறந்து வருது. புதுச் சிப் தைக்க 90 பவுண்ஸ் கேக்கினம்.

குடுக்காதேங்கோ. பல்லு முழுக்க இருக்கோ எண்டு வெளிச்சத்தில பாருங்கோ. பல்லு நல்லா இருந்து, இழுவை (சிப்பை மூடித் திறக்க நாங்கள் இழுக்கிற சின்னத் துண்டு) கடந்துபோன பிறகு விரிஞ்சால், பிழை பல்லில இல்லை, இழுவையில. வருஷக்கணக்கா மண்ணோட உரசி அதின்ர வாய் அகண்டுபோகும். சின்னக் குறட்டால ரெண்டு பின்பக்க ஓரத்தையும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமா நெரியுங்கோ. ஒரேயடியா நெரிச்சால் வெடிக்கும், பேந்து ஒண்டும் செய்யேலாது. இந்த வைத்தியம் ஒரு சீசன் தாங்கும்.

நிரந்தரமாச் செய்யிறதெண்டால் புது இழுவை வாங்குங்கோ. பழையதின்ர முதுகில 5, 8, 10 எண்டு ஒரு இலக்கம் அடிச்சிருக்கும், அதுதான் அளவு. சுருள் பல்லுக்கும் (ஒரே சுருளா ஓடுறது) வார்த்த பல்லுக்கும் (தனித்தனிப் பல்லு) இழுவை வேற வேற, இலக்கம் ஒண்டா இருந்தாலும் மாறிப் போடேலாது. சிப்பின்ர ஒரு முனைத் தையலைப் பிரிச்சு, பழையதை உருவி, புதியதைக் கோத்து, முனையைக் கையால தைச்சு விடுங்கோ. அரை மணித்தியால வேலை.

பல்லே போயிருந்தால் முழுச் சிப்பும் மாத்தத்தான் வேணும். ஆனா பிளவுஸ் தைக்கிற அக்காவிட்டக் குடுத்து அவவின்ர மெசினைப் பழுதாக்காதேங்கோ. குதிரைக்குப் போர்க்கிற கம்பளி கழுவித் தைக்கிற ஆக்கள் இங்க கிராமப்பக்கம் இருக்கினம். அவையின்ர மெசினுக்கு கன்வஸ் பெரிய விஷயமில்லை.

லூட்டனிலயிருந்து: மார்க்கெற்பிளேசில 975 எண்டு போட்டு ஒரு ஓனிங் மலிவாக் கிடக்கு. என்ர கரவனுக்குச் சரிவருமா?

கரவன் நாலு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் நீளம் எண்டு பாத்து வாங்கி ஏமாறாதேங்கோ. ஒரு கயிறு எடுத்து, கரவனின்ர முன்முனையில நிலத்தில தொடங்கி, ஓனிங் றெயில் (கரவன் சுவரில ஓனிங் துணியைக் கோக்கிற பள்ளம்) வழியா மேல கொண்டுபோய், பின்முனையில நிலம்வரை இறக்கி அளவுங்கோ. கரவன் மட்டமா நிக்கவேணும். அந்தச் சென்ரிமீற்றர்தான் ஓனிங்கில எழுதியிருக்கிற இலக்கம். வாசலுக்கு மட்டும் போடுற சின்னப் போர்ச் ஓனிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை, அதுக்கு றெயிலின்ர உயரம்தான் முக்கியம். வாங்கப் போகேக்க கம்பியை எண்ணிப் பாருங்கோ.

குறொய்டனிலயிருந்து: என்ரது கம்பிக்குப் பதிலாக் குழாய்க்குக் காத்தடிச்சு நிமித்திற ஓனிங். ஒரு குழாய் விடியக்குள்ள தொங்கிப்போயிருக்கு. சைக்கிள் பச் ஒட்டலாமா?

ஒட்டாது. சைக்கிள் பசை றப்பருக்கு, இந்தக் குழாய் அனேகமா ரிபியூ (TPU) எண்ட பிளாஸ்டிக். முதலில வால்வைக் கையால இறுக்குங்கோ, சில நேரம் அதோட முடிஞ்சுபோம். இல்லாட்டி உறைச் சிப்பைத் திறந்து குழாயை வெளிய எடுத்து, சவர்க்காரத் தண்ணி பூசி, குமிழி வாற இடத்தைப் பேனையால சுத்திப் போடுங்கோ. காயவிட்டு, ரிபியூவுக்கெண்டு விக்கிற ஒட்டைப் போடுங்கோ. திரும்ப உறைக்குள்ள விடேக்க குழாய் முறுகாமல் பாக்கவேணும், முறுகினபடி காத்தடிச்சால் அந்த இடத்தில வெடிக்கும்.

மெல்பேர்ணிலயிருந்து: எங்கட கரவனில சுருட்டுற ஓனிங். ஸ்பிரிங் இழுக்குதில்லை. வீடியோ பாத்துக் கழட்டலாமா அண்ணா?

தம்பி, இதில மட்டும் நான் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லமாட்டன். உருளைக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் முறுக்கி ஏத்தினது. பூட்டுப் போடாமல் முனையைக் கழட்டினால் கை எலும்பை உடைக்கும். ஸ்பிரிங்கை வேலை தெரிஞ்சவரிட்ட விடுங்கோ. துணி கிழிஞ்சால் அது வேற கதை: ஸ்பிரிங்கை அவர் பூட்டித் தந்த பிறகு, துணி உருளையின்ர பள்ளத்தில இருந்து பக்கவாட்டா உருவி வரும், ரெண்டு பேர் ஏணியில நிண்டு மாத்தலாம்.

ஹரோவிலயிருந்து இன்னொருத்தர்: கூரை ஒழுகுது, உள்பக்கம் பிசுபிசுத்து உரியுது.

ஒழுக்கு மட்டுமெண்டால் கழுவிக் காயவிட்டு நீர்காப்புத் திரவம் பூசலாம். பாத்திரம் கழுவுற திரவத்தால கழுவாதேங்கோ. நான் ஒருக்கா அப்பிடிக் கழுவி, மூண்டு நாள் மழையில கோப்பை வைச்சுக்கொண்டு இருந்தனான். ஆனா பிசுபிசுத்து உரியிறது எண்டால் பூச்சுச் செத்துப்போச்சு, அதுக்கு மருந்தில்லை. துணியை எறிஞ்சுபோட்டு கம்பி, ஆணி, இழுவை எல்லாத்தையும் கழட்டி எடுத்து வையுங்கோ. மேல முதல் கேள்வி கேட்ட உங்கட ஊர்க்காரர் கம்பி தேடிக்கொண்டு நிக்கிறார்.