யூனிட் விலை 10 ரூபாய் என்றால் அந்த ஃபண்ட் மலிவா?

புதிதாக வரும் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பழையது 500 ரூபாய், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஒரு குழப்பத்தால் நிறையப் பேர் தவறான ஃபண்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்குப் புதியதில் 1,000 யூனிட், பழையதில் 20 யூனிட். இரண்டிலும் உள்ள பங்குகள் 10 சதவீதம் ஏறினால் புதியது 11 ரூபாய், பழையது 550 ரூபாய். இரண்டிலுமே உங்கள் கையில் 11,000தான். என்ஏவி என்று சொல்லப்படும் இந்த யூனிட் விலை, ஃபண்டிடம் உள்ள சொத்தின் மதிப்பில் செலவும் கடனும் போக மீதியை யூனிட் எண்ணிக்கையால் வகுத்து வருவது, அவ்வளவுதான். பழைய ஃபண்ட் என்றால், சந்தை இறங்கியபோது அது எப்படித் தாங்கியது என்று பார்க்கவாவது முடியும். புதியதில் அந்த வரலாறே கிடையாது.

பார்க்க வேண்டியது செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து கழிக்கும் சதவீதம். ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதலாகப் போனாலும் 20 ஆண்டில் பெரிய தொகை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. சொந்தமாகத் தேர்ந்தெடுப்பவர் அதையே வாங்கலாம். முதல் ஃபண்ட் என்றால் நான் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டைத்தான் சொல்வேன்; நிஃப்டி 50 பட்டியலில் உள்ள 50 பெரிய நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட் அது. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை மட்டும் அதில் போடாதீர்கள்.